சாமி அறையில் ஒரு சப்பாத்துத் தடம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்குச் சற்று முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது. அன்று மத்தியானத்தோடு வகுப்பு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது.

அது என்ன வகுப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில், ஊரில் இருந்தபோது நான் ஒரு பத்திரிகையில் நிருபர். நீதிமன்றச் செய்தியும் பொலிஸ் செய்தியும் என் பொறுப்பு. இங்கே வந்தபின் பிள்ளைகள் வளரும் வரை ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தேன். சின்னவள் பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொலிஸ் பணிக்கான பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் பலருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். அது எனக்குத் தொந்தரவாக இருக்கவில்லை. சட்டம் படிப்பதும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதும் எனக்குப் பழகிய வேலைகள். என்ன தேர்வு வைத்தாலும் தேறிவிடுவேன் என்று தெரியும். எங்கள் ஆட்களுக்குத்தான் அது பெரிய பகிடி. கோயிலில் என்னைக் கண்டால் சிலர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சரணடைந்து காட்டுவார்கள்.

தொலைபேசியில் எதிர்வீட்டு மாமி. நாலு வீடு தள்ளியிருக்கும் அக்காவின் வீட்டில் களவு போய்விட்டது, பின்கதவை உடைத்து வந்திருக்கிறான், நீ பொலிசுக்குப் படிக்கிறாய்தானே, உடனே வா என்றார். சோற்றை மூடிவைத்துவிட்டுப் போனேன்.

அந்த அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர். ஐம்பது வயதிருக்கும். கணவரின் தமையனார் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனதால் கணவர் செத்தவீட்டுக்குப் போயிருந்தார். இங்கே அக்கா தனியாக மரணத் தீட்டான துடக்கைக் காத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு நாள் விளக்கு வைப்பதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, சாமி அறைக் கதவைத் திறப்பதுமில்லை. அவர்கள் வீட்டில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள்.

நான் போனபோது வாசலில் சப்பாத்துகளும் செருப்புகளும் குவிந்து கிடந்தன. களவு போன வீடு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கலியாணப் பேச்சு நடக்கும் வீடு போலிருந்தது. எங்கள் ஆட்களுக்குச் செய்தி போனால் அடுத்த கால்மணியில் வந்துவிடுவார்கள். துக்கம் என்றாலும் களவு என்றாலும் முறை அதுதான். துடக்கு வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் மாமி தன் வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா பொலிசுக்குச் சொல்லியிருந்தார். கள்ளன் உள்ளே இல்லை, யாருக்கும் காயமில்லை என்பதால் பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எதையும் தொடவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் பின்கதவை ஒட்டிய குசினி நிலம் ஈரமாக இருந்தது. உடைந்த கதவுக் கண்ணாடியைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். மேலே படுக்கையறையில் கள்ளன் இழுத்து எறிந்த சேலைகளை இரண்டு பெண்கள் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் அக்கா துடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பொலிஸ் வாற நேரம் வீடு குப்பையாக் கிடந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் கேலி எதுவுமில்லை. வீட்டுக்கு அந்நியர் வருகிறார்கள், வீடு துப்புரவாக இருக்கவேண்டும். அவ்வளவுதான். கல்லூரியில் ஒரு பழைய வகுப்பறையைக் குற்றம் நடந்த இடமாகச் சோடித்து எங்களுக்குப் பயிற்சி தருவார்கள். உள்ளே போனதும் கைகளைச் சட்டைப் பைக்குள் வைக்கவேண்டும் என்பது முதல் பாடம். அந்த வகுப்பறையில் யாரும் நிலம் துடைக்கவில்லை, யாரும் தேநீர் ஊற்றவில்லை.

எல்லோரையும் முன்னறைக்குப் போய் இருக்கச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் போனார்கள். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு மாமாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"ஏன் பிள்ளை, நாங்கள் என்ன கள்ளரோ?"

"இல்லை மாமா. அதுதான் உங்கட கைரேகை கள்ளன்ர கைரேகையோட கலக்கக்கூடாது எண்டு பாக்கிறன்."

முன்னறையில் சிரிப்பு எழுந்தது. மாமாவும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

பிறகு அக்காவைப் படிக்கட்டில் உட்காரவைத்து, என்ன போனது என்று கேட்டேன். கொஞ்சம் காசு, ஒரு மடிக்கணினி என்று தொடங்கியவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். தாலிக்கொடி போய்விட்டது. வேலைக்கு மெல்லிய சங்கிலிதான் போட்டுப் போவார். ஒரு கலியாணத்துக்குப் போட்டுவிட்டு வந்து, சாமி அறையில் படங்களுக்குப் பின்னால் வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார். அடுத்த நாளே ஊரிலிருந்து செத்தவீட்டுச் செய்தி. துடக்கு வந்து கதவை மூடியதால் கொடி உள்ளேயே இருந்துவிட்டது. கணவர் ஊரில் தமையனுக்குக் காரியம் செய்துகொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் தாலி போனது என்று அவருக்கு எந்த வாயால் சொல்வேன் என்று கேட்டார்.

சாமி அறை மேல்மாடியில் படிக்கட்டு முடியும் இடத்தில் இருந்தது. இந்த நாட்டு வீடுகளில் குழந்தைக்கென்று கட்டும் சின்ன அறை. கதவு பாதி திறந்திருந்தது. நான் வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். தகரப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பிள்ளையார் படம் முகங்குப்புறக் கிடந்தது. திருநீற்றுக் கிண்ணம் தட்டுப்பட்டு, கறுப்பு நிற நிலத்தில் திருநீறு பரவியிருந்தது. அதன் நடுவில் ஒரு முழுச் சப்பாத்துத் தடம். குதிகால் பக்கம் ஒரு வெட்டு இருந்ததுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதைவிடத் துல்லியமான தடத்தை எங்கள் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

துடக்குத் தொடங்கியபின் யாராவது இந்த அறைக்குள் போனார்களா என்று கேட்டேன். ஒருத்தரும் இல்லை என்றார் அக்கா. இன்றைக்கும் யாரும் போகவில்லையா? இல்லை, கதவடியில் நின்றுதான் பார்த்தோம் என்றார். அந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு யாரும் நடப்பதில்லை என்பதைக் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. முழு வீட்டையும் கழுவித் துடைத்து மடித்து அடுக்கியாகிவிட்டது. மிச்சமிருப்பது இந்தத் தடம் ஒன்றுதான். தாலிக்கொடி திரும்பி வருமென்றால் அது இதனால்தான் வரும்.

அப்போது எனக்குப் பின்னால் வாளிச் சத்தம் கேட்டது. மாமி மஞ்சள் தண்ணீரோடு வந்து நின்றார்.

"வீட்டுக்காரிக்குத் துடக்கு. எனக்கு இல்லைத்தானே. விலகு பிள்ளை, நான் போய் படத்தை நிமித்தி வைச்சுக் கழுவிவிடுறன்."

நான் வாசலை மறித்து நின்றேன். தடத்தைக் காட்டி, பொலிஸ் இதைப் படமெடுக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது என்றேன். மாமி அசையவில்லை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நான் எதையோ பெரிதாக மறந்துவிட்டேன் என்பது போலப் பார்த்தார்.

"திருநீற்றில செருப்புக் கால் வைச்சிருக்கிறான். சாமி குப்புறக் கிடக்குது. தாலியும் போயிட்டுது. இவளின்ர மனுசன் ஊரில துக்கத்தில நிக்குது. இதை இப்பிடியே விட ஏலுமோ? நீ படிக்கிறது வெள்ளைக்காரன்ர சட்டம். இது சாமி விசயம்."

அக்கா அழத் தொடங்கினார். படத்தையாவது எடுத்து வையுங்கோ என்றார். எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை. என்னிடம் இருந்தது கல்லூரி நூலக அட்டை மட்டும். மாமி என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போயிருந்தால், வயதில் மூத்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கும் துணிவு எனக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் நிருபராக இருந்த காலத்தில் ஒன்று கற்றிருந்தேன். ஒரு விசயத்தில் வாதம் முற்றினால், அந்த விசயத்துக்குப் பொறுப்பானவரைப் போய்க் கேட்கவேண்டும்.

"சரி மாமி. சாமி விசயம்தானே. ஐயரிட்டையே கேப்பம்" என்றேன்.

ஐயர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உடனே கழுவுங்கோ என்று அவர் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கீழிருந்து மாமாவைக் கூப்பிட்டு, கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னேன். நடந்ததை மாமாவே சொன்னார். தடத்தைப் பற்றி நான் சொன்னேன். அறையைக் கழுவவேண்டும் என்று மாமி சொன்னார். ஐயருக்குப் பின்னணியில் வாகன இரைச்சல் கேட்டது. எங்கேயோ காரில் போய்க்கொண்டிருந்தார்.

"துடக்குக் கழியிற அண்டைக்கு எப்பிடியும் அறையைக் கழுவத்தானே வேணும்" என்றார். "சாமி எங்கையும் ஓடேல்லை அம்மா. ஓடினவனை முதல்ல பிடிக்கட்டும்."

மாமி வாளியைக் கீழே வைத்தார். ஆனாலும் அதைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். வீடு அக்காவுடையது, தாலியும் அவருடையது. முடிவும் அவருடையதாகத்தான் இருக்கவேண்டும். நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்:

"அக்கா, இந்த அறைக்குள்ள ஒருத்தரும் போகக்கூடாது எண்டு நீங்கள்தான் கட்டுப்பாடு வைச்சிருந்தனீங்கள். அதை மீறினது கள்ளன் ஒருத்தன்தான். அதாலதான் இது அவன்ர கால் எண்டு அடிச்சுச் சொல்லலாம். பொலிஸ் வருமட்டும் அதைக் காத்துத் தாங்கோ."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எழுந்துபோய்ச் சாமி அறை வாசலுக்குக் குறுக்கே, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் மாமியும் முழங்காலைப் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மேலே வந்தவர்களை மாமியே விரட்டினார். சேலை மடித்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்க்க வந்தபோது, "தடயம் கிடக்குது, போ கீழ" என்றார். 'தடயம்' என்ற சொல்லை அவர் அன்றுதான் முதல்முறை சொல்லியிருப்பார். ஆனால் சொன்ன தொனியில் முப்பது வருட அனுபவம் இருந்தது.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் இரண்டு இளம் பொலிஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னதன் பேரில், தடயம் எடுக்கும் அதிகாரி ஒருவர் வந்தார். நடுவயதுப் பெண். நான் அவரிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். எது துடைக்கப்பட்டது, எது மடிக்கப்பட்டது, யார் எங்கே தொட்டார்கள் என்று கெட்டுப்போனவற்றை முதலில் சொன்னேன். பிறகு தடத்தைக் காட்டினேன். அவர் வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார். இத்தனை பேர் இருக்கும் வீட்டில் இந்த அறைக்குள் மட்டும் எப்படி ஒருவரும் போகவில்லை என்று கேட்டார். துடக்கைப் பற்றி விளக்கினேன். கேட்டு எழுதிக்கொண்டார்.

உள்ளே போகுமுன் அவர் தன் சப்பாத்துகளுக்கு மேல் உறை போட்டார். அக்கா அதைக் கவனித்துவிட்டு என்னிடம், "பார், அவளுக்கு மரியாதை தெரியுது" என்றார். அது தடத்தைக் காப்பதற்கான உறை என்று நான் விளக்கப் போகவில்லை. வேலை முடிந்ததும் அந்தப் பெண் கையுறையோடு பிள்ளையார் படத்தைத் தூக்கி, இதை எங்கே வைப்பது என்று அக்காவிடம் கேட்டார். அக்கா வாசலுக்கு வெளியே நின்றபடி கைகாட்டினார். படம் தன் இடத்துக்குப் போனது. அன்று அக்காவின் முகம் முதல்முறையாகத் தெளிந்தது அப்போதுதான்.

அதே குதி வெட்டோடு வேறு வீடுகளிலும் தடங்கள் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆளைப் பிடித்தபோது அந்தச் சப்பாத்துத்தான் அவன் காலில் இருந்தது. மடிக்கணினியும் காசும் போனது போனதுதான். ஆனால் அவன் இருந்த இடத்தில், விற்க முடியாமல் வைத்திருந்த நகைகளுக்குள் தாலிக்கொடி அகப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கொடியின் வேலைப்பாடு தனி. கண்டவுடன் களவுப் பொருள் என்று தெரிந்துவிடும் என்பதால் யாரும் வாங்க முன்வரவில்லை போலும். பொலிஸ் நிலையத்தில் அதைத் திரும்ப வாங்கியபோது நானும் கூடப் போயிருந்தேன். அக்கா அதை அங்கே கழுத்தில் போடவில்லை. கணவர் துடக்குக் கழிந்து ஊரிலிருந்து வந்து கையில் எடுத்துத் தரும்வரை கைக்குட்டையில் சுற்றியே வைத்திருந்தார்.

நான் இப்போது படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். பயிற்சிக்காகப் பொலிஸ்காரரோடு பல வீடுகளுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு வீட்டிலும், அங்கிருப்பவர்கள் எங்களுக்கு முன்பே மதித்துக் காத்துவரும் ஒரு கோடு இருக்கிறது. 'நில்லுங்கள், தொடாதீர்கள்' என்று வாய் திறப்பதற்கு முன், அந்தக் கோடு எங்கே என்று தேடிப் போய் அதன் இந்தப் பக்கத்தில் அவர்களோடு நிற்பதுதான் என் வேலையின் முதல் பாதி என்று இன்றுவரை நம்புகிறேன்.