கயிறு பிடித்தவருக்குப் பங்கு

பிள்ளைகளே, சுவிஸில் நொஷாட்டல் ஏரிக்கரையில் கப்பலுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்து வாங்கில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே முதியோர் இல்லத்தில் வேலையாம். அவருடைய கடற்கரை ஊரில் இப்போது ஊர்ச்சபை கூடியிருக்கிறது. ஸ்பானியர் காலத்து மாதா கோயிலுக்கு முன்னாலுள்ள கரையை விடுதி கட்டக் கொடுப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். இருவரும் அரைகுறைப் பிரெஞ்சில்தான் கதைக்கிறோம். உங்களுக்காக எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"குடுத்தால் பிறகு வலையை எங்கை இழுக்கிறது? வலைக்கயிறு பிடிச்ச எல்லாருக்கும் மீனிலை பங்கு. சபைத் தலைவருக்கும் உண்டு," என்கிறார்.

"அவரும் இழுப்பாரோ?"

"இழுக்காட்டி ஆர் வோட்டுப் போடுறது?"

"மன்னாரிலை எங்கட கரைவலையும் முந்தி அப்பிடித்தான். பங்குச் சுவாமியாரும் ஒரு கை பிடிப்பார்," என்கிறேன். அந்தக் கயிற்றின் உப்பு ஈரம் உள்ளங்கையில் ஊறுகிறது.

கைபேசி அடிக்கிறது. கேட்டுவிட்டுச் சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார்.

"விடுதிக்கு இல்லையாம். கரை எங்களுக்குத்தான். உங்கட கரை?"

"சண்டைக்காலத்திலை ஆமி அடிச்ச வேலி கரையை மறிச்சு இன்னும் நிக்குது," என்கிறேன். "கயிற்றை மட்டும் கோயிலுக்குள்ளை சுத்தி வைச்சிருக்கினம்."