மூடியில்லாத டின்

இதை நான் இட்டுக்கட்டவில்லை. என் அக்காவின் கணவருக்கு, பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. பேய் என்றால் இருட்டும் நாயின் ஊளையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு மத்தியானம் அத்தானின் கடைக்குப் போய்ப் பார்க்கலாம். நான் போனேன். இனித் தனியாகப் போகமாட்டேன்.

அத்தான் பழைய ராணுவச் சாமான் விற்பவர். கீழே கடை, மாடியில் வீடு. பூட்ஸ், கம்பளி, தண்ணீர்க் குடுவை எல்லாம் இருந்தாலும் அவருக்கு உயிர் மெஸ் டின்கள் மேல்தான். சிப்பாய் முதுகுப்பையில் வைத்துக்கொண்டு போகிற சாப்பாட்டுப் பாத்திரம். ஒரு படையில் அது அவரைக்கொட்டை மாதிரி வளைந்திருக்கும். இன்னொரு படையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு செவ்வகப் பெட்டிகள். வேறொன்றில் கைப்பிடியை மடக்கினால் அதுவே மூடியைப் பூட்டிக்கொள்ளும். கடைக்கு வந்தவர்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

“எந்த நாட்டு மூடி உங்க வாய்க்குப் பொருந்தும்னு ஒருநாள் பார்க்கணும்,” என்பாள் அக்கா.

அவர் விரும்பிச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. போர்க்களத்தில் சமையல்காரன் ஆளைப் பார்த்து ஊற்றமாட்டான், டின்னைப் பார்த்துத்தான் ஊற்றுவான். டின் இல்லாதவனுக்குச் சோறு இல்லை. அதனால் ஒவ்வொருவனும் அடியில் ஆணியால் தன் பெயரைக் கீறிவைத்துக்கொள்வான். எவனாவது டின்னைத் தொலைத்துவிட்டு நின்றால், மனசு உள்ள நண்பன் தன் டின்னின் மூடியைக் கழற்றிக் கொடுப்பான். அதில் வாங்கிச் சாப்பிட்டு உயிர் பிழைக்கலாம்.

ஒரு நாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். செத்துப்போன தன் அப்பாவின் ராணுவப் பெட்டியை விற்றார். பெட்டிக்குள் மூடியில்லாத ஒரு வட்ட டின். அதை மட்டும் அவர் வெறும் கையால் தொடவில்லை. செய்தித்தாளைச் சுற்றி எடுத்து வைத்தார். டீ குடிக்கச் சொன்னதற்கு நிற்கவும் இல்லை.

டின்னின் அடியில் இரண்டு பெயர்கள். முதல் பெயர் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேலேயே இன்னொரு பெயர், ஆழமாக.

அத்தான் கடையில் இருந்த அத்தனை மூடிகளையும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. ஆனாலும் டின்னை விற்க மனம் வரவில்லை. இரண்டு பெயர்களையும் தேய்த்து அழித்தார். பளபளப்பான அந்த இடத்தில், ஆசைக்கு, தன் பெயரைக் கீறினார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா மாமியாருக்குப் போட்டாள். தனக்குப் போட்டுக்கொண்டாள். சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அத்தான் தட்டு காலி.

“என்ன, இன்னிக்கு எனக்கு விரதமா?” என்றார் சிரித்துக்கொண்டே. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “போட்டேனே... சாப்பிட்டு முடிச்சிட்டு விளையாடுறீங்களா?” என்றாள். அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. சட்டியில் மீதியும் இல்லை.

அப்போதுதான் கீழே கடையில் அந்தச் சத்தம் கேட்டது. தகரத்தில் கரண்டி தட்டுவது போல.

டக்... டக்... டக்...

இரவும் அதே கதை. மறுநாள் ஓட்டலுக்குப் போனார். சர்வர் பக்கத்து மேசைக்கு வந்தான், அடுத்த மேசைக்குப் போனான், இவரைத் தாண்டிப் பார்த்தான். நண்பர் வீட்டு விருந்தில் பந்தி முழுவதும் பரிமாறினார்கள். இவர் இலை மட்டும் பச்சையாகவே கிடந்தது. யாரும் அவரை ஒதுக்கவில்லை. எல்லோருமே போட்டதாகத்தான் நினைத்தார்கள்.

சரி, நாமே எடுத்துச் சாப்பிடுவோம் என்று ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார்.

நறநறவென்றது.

துப்பினார். மணல். ஈரமான ஆற்று மணல்.

தண்ணீர் மட்டும் இறங்கியது. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். அக்கா பூஜை அறையில் அழுதாள். ஒவ்வொரு வேளையும் தன் கையால் போடுவதாகச் சத்தியம் செய்தாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. இன்னும் சில நாள் இப்படியே போனால் உயிர் தங்காது என்று அத்தானுக்குப் புரிந்துவிட்டது.

டின்னைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். திரும்பி வந்தார்.

அலமாரியில் இருந்தது.

அன்று மத்தியானம். ஒரு மணி. கடையில் அவர் மட்டும். வெளியே நல்ல வெயில், தெருவில் வண்டிகள்.

டக்... டக்...

திரும்பினார். யாரும் இல்லை.

டக்... டக்... டக்...

இப்போது பக்கத்தில்.

முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி வாசனை. காதருகே மூச்சு. கோபமான மூச்சு.

ஓட முடியவில்லை.

கால் வரவில்லை.

கத்தவும்...

அத்தான் பக்திமான், ஆனால் அந்த நேரத்தில் ஒரு மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் அவர் வாயில் தானாக வருகிற வார்த்தைதான் வந்தது.

“சாப்பிட்டியாப்பா?”

சத்தம் நின்றது.

அவர் அரத்தை எடுத்தார். டின்னைக் கவிழ்த்துத் தன் பெயரைத் தேய்த்து அழித்தார். மாடிக்கு எடுத்துப்போனார். தன் தட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் டின்னை வைத்தார். “இது உன்னோடதுப்பா. முதல்ல நீ சாப்பிடு. எனக்கு மிச்சம் இருந்தா பார்த்துக்கலாம்,” என்றார்.

அக்கா சட்டியோடு வந்தாள். டின் நிறையப் போட்டாள்.

டின்னுக்குள் சோறு இறங்கியது... கொஞ்சம் கொஞ்சமாக... யாரோ அள்ளுவது போல. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிவில் அடித்தகரம் தெரிந்தது.

தரையில் ஏதோ உருளும் ஓசை. அத்தானின் முழங்காலில் வந்து முட்டி நின்றது.

ஒரு வட்ட மூடி. சொட்டச் சொட்ட ஈரம். அதில் பாதிக்குச் சோறு.

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு வாய் எடுத்து வைத்தார். சோறாகவே இருந்தது. மூடியைக் கழுவி டின்னில் பொருத்தினார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் முதல் கரண்டி டின்னுக்குத்தான். பசித்தவனுக்கு எடுத்துவைக்கிற ஒரு கைச் சோற்றை விடப் பெரிய காவல் இல்லை என்பேன் நான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

சில மாதம் கழித்து அந்த லாரி டிரைவர் வந்தார், அத்தான் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கத்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவருடைய அப்பா பட்டினியால் செத்தாராம், சமையலறை நிறையச் சாப்பாடு இருக்கும்போதே. டாக்டர் வாயைத் திறந்து பார்த்தபோது பல்லிடுக்கெல்லாம் மணல்.

சாவதற்கு முன் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். படை பின்வாங்கி ஓடியபோது அவருடைய டின் தொலைந்துவிட்டது. கூட வந்த நண்பனுக்குக் காய்ச்சல். அவன் தூங்கும்போது அவன் டின்னை எடுத்து, பெயரைக் கீறி அடித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

“மூடியையாவது குடுடான்னு அந்த நண்பர் கெஞ்சினாராம்,” என்றார் டிரைவர்.

“குடுத்தாரா?”

“குடுத்தா டின் யாரோடதுன்னு தெரிஞ்சிடும்னு, அவர் கண்ணு முன்னாடியே ஆத்துல வீசிட்டாராம். அந்தக் கரையிலேயே அந்த நண்பர் பசியில செத்துப்போயிருக்கார்.”

சொல்லிக்கொண்டே டிரைவர் நிமிர்ந்தார். அலமாரியில் மூடியோடு இருந்த டின்னைப் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போய்விட்டார்.

அத்தான் தினமும் அந்த மூடியைத் துடைத்து வெயிலில் வைக்கிறார். நானே தொட்டுப் பார்த்தேன்.

இன்றுவரை அது காயவில்லை.