என் இசைத்தட்டைப் போடுங்கள்

எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு, பெண்ணுக்குத்தான் வயல். மாப்பிள்ளை கல்யாணம் முடித்து அங்கே வந்து குடியிருப்பார். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வயலை விற்கிற நேரத்தில் மட்டும் எல்லாருக்கும் மறந்துபோகும்.

கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட வேண்டும் என்று என் புருஷனுக்கு ஆசை வந்தது. கெட்ட ஆசை இல்லை. மருதமுனையில் தறியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன மனிதர். மட்டக்களப்பிலிருந்து ஒரு வியாபாரி, யாரோ பாவித்த பழைய செட் ஒன்றைக் காரில் கொண்டுவந்தார். அதை வாங்குவதற்காக, சொறிக்கல்முனைப் பக்கம் கிடந்த என் சீதன வயலை விற்பதென்று ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வாசல் தென்னையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, கார் பேட்டரியில் கொளுவி, வியாபாரி தன் கையோடு கொண்டுவந்த இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். முதலில் நாகஸ்வரம். பிறகு தொண்டை கிழியப் பாடுகிற ஓர் ஆண் குரல். தெருவே அதிர்ந்தது. ஆண்கள் குழாயின் வாய்க்கு நேரே நின்று தலையாட்டினார்கள். சத்தம் பெரிதென்றால் சாமான் நல்லதாம்.

உள்ளே நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டில் குழாய்க்கு முன்னால் நின்று யார் பாட்டுக் கேட்கிறார்கள்? ஆண்கள் பந்தலில் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருப்பார்கள். காதுகொடுத்துக் கேட்பது உள்வீட்டிலும் வேலிக்கு அப்பாலும் இருக்கிற பெண்கள். எங்களுக்குச் சொல் தெளிவாக வர வேண்டும். நாகஸ்வரம் எந்த ஓட்டைக் குழாயிலும் நன்றாகத்தான் கேட்கும்.

என்னிடம் வாப்பா வாங்கித் தந்த, சாவி கொடுக்கிற கிராமபோன் இருந்தது. ஒரு பெண் பாடிய தாலாட்டுத் தட்டும் இருந்தது. ஓரிடத்தில் அவள் குரலை மூச்சளவுக்கு இறக்கி, அங்கிருந்து ஒரே இழுப்பில் உச்சிக்குப் போவாள். நல்ல கருவியா என்று பார்க்க அந்த ஓரிடம் போதும்.

கதவிடுக்கால் என் புருஷனிடம் தட்டை நீட்டி, "மச்சான், இதப் போடச் சொல்லுங்க" என்றேன்.

வியாபாரி சிரித்தபடி போட்டார். மூச்சுக்குரல் வர வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். உச்சியில் குழாய் தகரம் கிழிவதுபோல் அலறியது. தட்டு தேய்ந்துவிட்டது என்று பழியைத் தூக்கி என் தட்டின் மேல் போட்டார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கிராமபோனைத் தூக்கியபடி வாசலுக்கே வந்தேன். அந்நிய ஆண்கள் முன்னால் நான் அப்படி வந்ததே இல்லை. அதே தட்டை வாங்கிப் போட்டேன். அவள் மூச்சு விடுவது வரை கேட்டது.

"இந்தக் கொரகொரப்புக்கு என்ட வயலக் குடுக்கமாட்டன்."

வியாபாரி என்னைப் பார்க்காமல் என் புருஷனிடம் திரும்பினார்.

"பொம்பிளட பேச்சக் கேட்டா யாவாரம் செய்யப் போறீங்க? இந்த ஊட்டுல ஆம்பிள ஆரு?"

என் புருஷனின் முகம் சிவந்திருந்தது. கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தென்னையடிக்குப் போய்க் குழாயை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆம்பிள நான்தான்" என்றார். "ஊடு அவட. குழாயக் கழட்டுங்க."

கார் போன பிறகு, பெண்பிள்ளை வாசலுக்கு வந்து பாட்டுப் போடுவது சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் என் காதில் விழும்படி சொன்னார். நான் மறுபடி சாவி கொடுத்து, தட்டை முதலிலிருந்து போட்டேன்.