நான் வெள்ளையாக்கிய முகம்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம். கள்ளக்குறிச்சியில் நானும் என் கணவரும் ஃபிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறோம். டிசைன் என் வேலை. கல்யாணமோ காதுகுத்தோ, போட்டோ வந்ததும் நிறத்தைக் கூட்டி, கன்னத்தைக் குறைத்து, மருவை அழித்துவிடுவேன். யாரும் கேட்கவே வேண்டாம். அதில் எனக்குப் பெருமை வேறு!

நைனார்பாளையத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. பெண் ஒன்பதாவது படிக்கிறாள். டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, விழாவுக்கு முதல் நாள் காலையில் பேனரைக் கட்டிவிட்டு வந்தோம். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மாவிடமிருந்து போன்.

"நாளைக்கு மணையில உக்கார மாட்டேன்னு அழுதுகினே இருக்காக்கா. உங்க பேனர் விஷயமாத்தான். கொஞ்சம் வூட்டுக்கு வந்துட்டுப் போங்க."

பெயரில் எழுத்துப் பிழை விட்டுவிட்டேனோ என்று பதறி ஓடினேன்.

சடங்கு முடியும்வரை தனி அறையில் இருந்தாள் அந்தப் பெண். பல நாளாகத் துணைக்கு செல்போன்தான். என் டிசைனை இன்ஸ்டாவில் போட்டிருக்கிறாள். "செம்ம அழகுடி" என்று தோழிகள் ஹார்ட்டாகக் கொட்டியிருக்கிறார்கள். முதலில் ஒரே சந்தோஷம். அப்புறம் கண்ணாடியைப் பார்த்து மிரண்டுவிட்டாள். மறுநாள் அத்தனை தோழிகளும் நேரில் வருகிறார்களே!

"வாசல்ல அந்தப் படத்தைப் பாத்துட்டு உள்ள வந்து என்னியப் பாத்தா இன்னான்னு நெனைப்பாங்க?" என்று விசும்பினாள்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் வேலைம்மா. உன் முகத்துக்கு இன்னா குறைச்சல்?" என்றேன்.

"குறைச்சல் இல்லன்னா ஏங்க்கா மாத்துனீங்க?"

சுருக்கென்றது. "தப்புதாம்மா, பழக்க தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் போனில் இருந்த அசல் போட்டோவைக் காட்டினேன். நல்ல கறுப்பு, உப்பிய கன்னம், மூக்கோரம் ஒரு மரு. கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இதையே போடுங்கக்கா. மருவைத் தொடாதீங்க, எங்க அப்பாவுக்கும் அங்கதான் இருக்குது" என்றாள்.

மாலைக்குள் புதுப் பேனர் கட்டிவிட்டோம். மறுநாள் நான் சாப்பாட்டுக்குப் போனபோது, தோழிகள் பேனர் முன்னால் கூட்டமாக நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏய், என்னிய வுட்டுட்டு எடுக்காதீங்கடி!" என்று மணையிலிருந்து கத்தினாள் அவள். "சும்மா உக்காருடி" என்று அதட்டிய அம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வயிறு அப்போதே நிறைந்துவிட்டது.

இப்போதெல்லாம் வெளிச்சத்தை மட்டும்தான் சரி செய்கிறேன். 'உன் முகம் சரியில்லை' என்று இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளிடம் சொல்லாமல் சொல்லியிருப்பேனோ! ஒருத்தியாவது என் முகத்துக்கு நேரே கேட்டாளே என்பதில்தான் எனக்கு இன்றும் ஆறுதல்.