மீசையோடு வீட்டுக்கு ஓடிய வில்லன்

ஐம்பதுகளில் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் நாடகம் போட்டுக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் கம்பெனியில் நான் மேக்கப்மேன். "மூஞ்சியில சாயம் பூசறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் வில்லன் ஏகாம்பரம். நிஜத்தில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். மேடையிலோ, நிறைமாதக் கர்ப்பிணியான தம்பி மனைவியை மழையில் தள்ளிக் கதவைச் சாத்துவான். அந்த சீனில் முன்பெஞ்சு கொதிக்கும். "கட்டையில போறவனே!" என்று எல்லாரையும் மிஞ்சிக் கத்துவது முனியம்மா. மர்பி டவுனில் அவள் வீட்டில்தான் ஏகாம்பரம் குடியிருந்தான்.

ஒரு ஞாயிறு பகல் ஆட்டம் முடிந்தது. முனியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் ஏகாம்பரத்தின் மனைவிக்கு வலி கண்டுவிட்டதாக ஆள் வந்தது.

"இருடா, கலைச்சுடறேன்" என்றேன். கேட்டால்தானே! ஒட்டு மீசையோடு ஓடினான். திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய்ப் புட்டியும் துணியுமாக நானும் பின்னால் ஓடினேன்.

வாசலை மறித்து முனியம்மா நின்றாள்.

"உள்ள கால வெச்சே, தொலைச்சுடுவேன்!"

"அக்கா, நான்தான் ஏகாம்பரம்."

"உன்னைத் தெரியாதா எனக்கு? புள்ளத்தாச்சிய மழையில தள்ளின மூஞ்சி இது. வலியில கீற பொண்ணு இதப் பாக்கக் கூடாது."

உள்ளே அவன் மனைவி அவன் பெயரைச் சொல்லி அலறினாள். ஏகாம்பரம் அழுதுவிட்டான். மை வழிந்து முகம் இன்னும் பயங்கரமானது.

வாசற்படியில் உட்காரவைத்துத் துடைத்தேன். மீசையைப் பிய்த்ததில் தோல் சிவந்தது. முனியம்மா பக்கத்திலேயே நின்று, "காதோரம் இன்னும் கீது பாரு" என்று எனக்கு வேலை சொன்னாள். எல்லாம் போனதும் அவளே அவன் கையைப் பிடித்தாள்.

"வா சாமி, பயந்துட்டியா? முகத்தைக் காட்டிட்டு வந்துடு. அவளுக்குத் தெம்பா இருக்கும்."

பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

அன்றிலிருந்து வேஷம் கலைக்காமல் ஒருவனையும் நான் வெளியே விட்டதில்லை. பூசுவது பாதி வேலை, கலைப்பது மீதி.

அடுத்த ஞாயிறு, அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு நேராக ஆட்டத்துக்கு வந்தாள் முனியம்மா. அதே சீன். எழுந்து நின்று, "நாசமாப் போ!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் மடக்கினேன்.

"ஏங்க்கா, மீசைய நான் பிய்ச்சதக் கண்ணால பாத்தீங்களே. இன்னுமா?"

"அட போய்யா! அந்தப் பொண்ணு மழையில நிக்கறப்போ, உன் மீசையையா பாத்துக்கினு இருப்பேன்?"