அரிசி கொண்டு வந்தவர்

எஞ்சின் தோணியின் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே தங்கச்சி கோழிக்கூட்டுக்குள் புகுந்துவிடுவாள். முப்பது வயதைத் தாண்டிய ஒருத்தி நிமிர்ந்து இருக்கக்கூட இடமில்லாத கூடு அது. கோழிகள் சிறகடித்துக்கொண்டு வெளியே ஓட, அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருப்பாள். ஷெல்லடிக்கு அரண்டவள், எந்தச் சத்தத்துக்கும் பயப்படுகிறாள் என்று நாங்கள் சிரித்தோம். இல்லத்தின் தலைவியான மதர் சிரிக்கவில்லை. ஹெலிகொப்டர் தலைக்கு மேல் போகும்போது முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவள், ஒரு தோணிக்கு எதற்காக ஒளிய வேண்டும் என்று கேட்டார்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இருந்தது அந்த இல்லம். வீட்டாரால் வைத்துப் பார்க்க முடியாத பெண்களைக் கன்னியர் அங்கே பராமரித்தார்கள். புத்தி வளராதவர்கள், வலிப்புக்காரர்கள், பேச்சு வராதவர்கள். தங்கச்சிக்குக் காது கேட்கும், பேச்சு இல்லை. அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாததால் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். என்னை அம்மா அங்கே வேலைக்கு விட்டிருந்தார். வீட்டில் வைத்திருந்தால் இயக்கம் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும், நகருக்கு அனுப்பினால் ஆமி பிடித்துவிடும் என்ற பயம். முன்னால் தண்ணீர், அக்கரையில் ஆமியின் காவலரண், சென்றி. பின்னால் வயல்வெளி, அதற்கப்பால் இயக்கத்தின் முகாம். சண்டை மூண்டு பாதை பூட்டினால் தீப்பெட்டிகூட எங்களிடம் வந்து சேராது. அப்போதும் எங்களுக்கு அரிசியும் மாவும் மருந்தும் கொண்டு வர ஒருவர் இருந்தார். நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலின் மூப்பர் அவர். கோயில் காரியங்களை முன்நின்று நடத்துகிறவர் என்பதால் ஆமியிடமும் அவருக்கு மதிப்பிருந்தது, சென்றி தாண்டப் பாஸ் இருந்தது. தோணியும் சொந்தம். அவர் வந்து இறங்கும்போது நாங்கள் கைகூப்புவோம். மூட்டைகளைச் சாமான் அறையில் அடுக்க ஒரு ஆள் வேண்டும் என்பார். அநேகமாகத் தங்கச்சியைத்தான் கூப்பிடுவார்.

ஒரு நாள் அவர் போன பிறகு, கூட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடந்த தங்கச்சியை மதர் தூக்கிக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் விரல்கள் பதிந்த கன்றல் இருந்தது. "ஆரு மகள்? என்ன செஞ்சது?" என்று மதர் கேட்டார். தங்கச்சி மதரின் கையை எடுத்துத் தன் வாயின் மேல் வைத்து இறுக அழுத்தினாள். பிறகு சாமான் அறைக் கதவைக் காட்டினாள். அன்று முழுவதும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த முறை தோணி வந்தபோது மதர் துறையடியில் நின்றார். நானும் சிஸ்டர்களும் பின்னால் நின்றோம். கரையில் கால் வைக்க வந்தவரைப் பார்த்து, "இறங்க வேணாம். இனி இஞ்ச வரவும் வேணாம்" என்றார். மூப்பர் என்னவென்று கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்னத்தத் தின்னப் போறீங்க மதர்?" என்றுதான் கேட்டார். மூட்டைகளோடு தோணியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சில நாட்களில் பங்குக் குருவான சுவாமி பெரும்பாடு பட்டுச் சென்றி தாண்டி வந்தார். கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர். "வாய் பேசாத பிள்ளைய வெச்சி ஆரிட்ட போய்ச் சொல்ற மதர்? அவர் வராட்டி இந்தச் சனம் பட்டினி. பிரச்சினை முடியட்டும், பிறகு விசாரிப்பம்" என்றார். மதர் அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "பிரச்சினை முடியுமட்டும் அவ கோழிக்கூட்டுக்குள்ளயா இரிக்கிற சுவாமி?" என்று கேட்டார். சுவாமி தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கிடைத்ததைத் தின்றோம். மரவள்ளி, முருங்கையிலை, ஊரவர் வயல் வட்டைக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் வைத்துவிட்டுப் போன கொஞ்சம் நெல். கோழிகளையும் ஒவ்வொன்றாகச் சமைத்தோம். வேறு தோணிக்காரர்களிடம் மதர் கெஞ்சிப் பார்த்தார். ஆளை விட்டாலும் மூட்டையைச் சென்றியில் விடமாட்டார்கள். வலிப்பு மருந்து தீர்ந்துபோனது. எங்களோடு இருந்த பெரியம்மா ஒருவருக்கு ஒரு நாள் விடியற்காலையிலிருந்து வலிப்பு அடுக்கடுக்காக வந்தது. மதர் அவருடைய தலையை மடியில் வைத்தபடியே இருந்தார். மத்தியானத்தோடு பெரியம்மா அடங்கிவிட்டார். மூப்பரைப் பகைத்ததால் வந்த சாவு என்று ஒரு சிஸ்டர் வாய்விட்டே சொன்னார். புதைத்துவிட்டு வந்த மதர், சாமான் அறையின் கதவைக் கழற்றச் சொன்னார். இனி அந்த வீட்டில் எந்த ஆணும், சுவாமியானாலும் சரி, ஒருத்தியோடு தனியே நிற்கக் கூடாது என்றார்.

பாதை திறந்ததும் மதரை மலைநாட்டுக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. மூப்பர் சாகும்வரை திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் முன்னால் நடந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. இன்று அந்தக் கன்னியர் சபையின் எல்லா வீடுகளிலும் சிறுவர்களையும் பலவீனரையும் பாதுகாக்கும் விதிகளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருக்கிறார்கள். யாரிடம் முறையிட வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. வாசிக்கும்போது எனக்குச் சந்தோஷமும் வரும், கோபமும் வரும். அன்று முறையிட மதருக்கு ஒரு வாசல்கூட இருக்கவில்லை.

போன வருடம், வயதான கன்னியர் தங்கும் மடத்தில் மதரைப் பார்க்கப் போனேன். என்னை அடையாளம் காண நேரம் எடுத்தது. தங்கச்சி நன்றாக இருக்கிறாள் என்று நானாகவே சொன்னேன். தலையாட்டினார். பிறகு, "பெரியம்மாட மருந்து வந்து சேர்ந்ததா மகள்?" என்று கேட்டார்.

அவரிடம் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. "இல்ல மதர். வரல்ல."

"ஓம். வரல்லதான்" என்றார். போய்வருகிறேன் என்று நான் எழுந்தபோது, வேறு யாருக்கோ பதில் சொல்வதுபோல, "எண்டாலும் அந்த மனிசன உள்ள விட எனக்கு ஏலா" என்றார்.