படம் வராத பக்கம்

போன வாரம் மகள் புது லேப்டாப் வாங்கினாள். பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோலும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், நான் நேராகத் தொண்ணூறுகளின் கடைசிக்கு, காந்திபுரத்தில் ஒரு மாடி அறைக்குப் போய்விட்டேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். என் செருப்பின் வார் ஊக்கில் தொங்கிக்கொண்டிருந்த காலம். யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாக ஒதுக்கிவைப்பேன். கூட வேலை பார்த்த ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து தன் செருப்பையும் அதன் பக்கத்திலேயே விட்டாள். அப்படித்தான் சிநேகிதமானோம்.

முதலாளியைச் சேர்த்து மொத்தமே மூன்று பேர். கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுப்பது தொழில். முதல் பெரிய வேலை ஒரு மோட்டார் பம்பு கம்பெனியுடையது. படங்களை ஸ்கேன் செய்து, பக்கம் பக்கமாகக் கோத்து, எங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் அத்தனை அழகு. டெலிபோன் லைன் வழியாக அதை வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பினோம். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நம்பிய அறிவாளிகள் நாங்கள்.

எங்கள் ஊர் அன்னூர்ப் பக்கம். அப்பா அடுத்தவர் தோட்டங்களில் பாடுபட்டு என்னைப் படிக்கவைத்தவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கருமத்தம்பட்டியில் ஒரு தறிக் கம்பெனியில் எனக்குக் கணக்கெழுதும் வேலை பேசிவைத்திருந்தார். "டிவி முன்னால உக்காந்து அதென்ன வேலைங்க மச்சான்?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார்.

"நீ செஞ்சத ஒருக்கா காட்டு கண்ணு. பாத்துப்போட்டு மாமனுக்குப் பதில் சொல்லோணும்."

ஆபீஸ் பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். கம்பெனியின் பெயர் வந்தது. எழுத்தெல்லாம் வந்தது. படம் இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் வெறும் கட்டங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்தக் குறி அவருக்குத் தெரியும். "எதுக்கு கண்ணு எல்லாத்துக்கும் தப்புப் போட்டிருக்குது?" என்றார்.

"அடுத்த வாரம் இன்னொருக்கா வாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார்.

"நம்ம மிசின்ல நல்லா வருதுங்களே அம்மணி!" என்றார் முதலாளி, திங்கட்கிழமை. வந்ததுதான் தொல்லையே. ஸ்டெல்லாவுக்கு முதலில் கோட்டின் மேல் சந்தேகம். படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதென்று கம்ப்யூட்டருக்கு வழி சொல்லும்போது, விண்டோஸில் நடுவே இடப்பக்கம் சாய்ந்த கோடு போடுவோம். வெளிநாட்டு சர்வரில் ஓடியது யூனிக்ஸ் என்ற வேறு முறை. அதற்குக் கோடு வலப்பக்கம் சாய வேண்டும். பக்கம் பக்கமாக எல்லாக் கோடுகளையும் நிமிர்த்தி மறுபக்கம் சாய்த்தோம். திரும்ப அனுப்பினோம். ஒரு படம்கூட எட்டிப்பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே திரையைப் பார்த்த ஸ்டெல்லா, கையை அப்படியே நிறுத்தினாள்.

"இங்க பாரு புள்ள. ஸ்கேனர் படத்துப் பேரப் பூராப் பெரிய எழுத்துல போட்டிருக்குது. நாம பக்கத்துல சின்ன எழுத்துல எழுதியிருக்கறம்."

"அதனால என்ன?"

"இந்த மிசினுக்கு ரெண்டும் ஒண்ணு. மெதுவாக் கூப்பிட்டாலும் கத்திக் கூப்பிட்டாலும் நான் திரும்பறேன்ல, அது மாதிரி. அந்த மிசினுக்கு அது ரெண்டும் வேற வேற ஆளு!"

ஒரே ஒரு படத்தின் பெயரைச் சின்ன எழுத்தாக்கி அனுப்பினோம். பச்சை நிறத்தில் ஒரு பம்பு மெல்ல வந்து உட்கார்ந்தது. நாங்கள் கத்திய கத்தலில் முதலாளி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

வருவாரோ மாட்டாரோ என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அதே பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தோம். அந்நாளைய லைனில் படம் மேலிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். பாதி பம்பு தெரிந்த நிலையில் அது நின்றுவிட்டது. காத்திருந்தோம். அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"வெயில்ல நிக்க வேண்டாத வேலையா கண்ணு இது?"

"ஆமாங்கப்பா."

"நெழல்லயே இரு. நானும் உங்கம்மாளும் வெயில்ல நின்னது போதும்."

படம் முழுசாக வந்தது. கல்லாவில் இருந்தவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, இது எம்புள்ள போட்டதுங்க" என்றார். அங்கேயே எஸ்.டி.டி. பூத்தில் மாமாவுக்குப் போன் போட்டு, "புள்ளைக்கு வேலை இருக்குது மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று தொடங்கியதுதான், இன்றுவரை இதே தொழிலில்தான் இருக்கிறேன்.

அந்தப் பம்பு கம்பெனியின் பக்கம் இப்போது இணையத்தில் இல்லை. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. படங்களெல்லாம் தொட்டவுடன் வந்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் பாதிப் படம் வந்து மீதிக்காகக் காத்துக் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இல்லாமல் போய்விட்டது. அப்பா தன் வெயிலைப் பற்றி என்னிடம் பேசியது அந்த நேரத்தில்தான்.